பனி வருமுன் ஒரு தீவனக் கணக்கு

ரிம்வேர்ல்ட் என்ற கணினி விளையாட்டில் ஓர் ஆண்டுக்கு 60 நாள்தான். ஏப்ரிமே, ஜூகஸ்ட், செப்டோபர், டிசம்பரி என்று நான்கு பருவங்கள், ஒவ்வொன்றும் 15 நாள். சாதாரண வேகத்தில் ஓடவிட்டால் அங்கே ஒரு நாள் நமக்கு 17 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த 60 நாளில் எத்தனை நாள் பயிர் வளரும் என்பதுதான் கால்நடை வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது. குடியேறும் இடத்தை உலக வரைபடத்தில் தேர்ந்தெடுக்கும்போதே அது கண்முன் எழுதியிருக்கும்: வளர்பருவம் 60க்கு 40, 60க்கு 30 என்று. மலை எங்கே, ஆறு எங்கே என்று பார்ப்பவர்கள் இந்த வரியைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பனி விழுந்த பிறகு பட்டியில் மாடுகள் நலியும்போதுதான் அதைத் தேடுகிறார்கள்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காங்கயம், தாராபுரம் வட்டாரத்தில், கிளுவை வேலி அடைத்த கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த மாடுகளோடு என் பணிக்காலம் கழிந்தது. மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்தபோது இந்த விளையாட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். சண்டையும் கோட்டைச் சுவரும் அவன் பொறுப்பு, மாட்டுப்பட்டி என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அவன் கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் நான் விடவில்லை. தீவனத்துக்கு இவ்வளவு நேர்மையாகக் கணக்குக் கேட்கும் விளையாட்டு ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கனடாவைச் சேர்ந்த டைனன் சில்வெஸ்டர் தொடங்கிய லூடியன் ஸ்டுடியோஸ் இதை உருவாக்கியது. பல ஆண்டுகள் சோதனைப் பதிப்பாக ஓடி, 2018 அக்டோபரில் முழுப் பதிப்பு வெளிவந்தது. விண்கலம் உடைந்து, முன்பின் தெரியாத ஒரு கிரகத்தில் மூன்று பேர் வந்து விழுகிறார்கள். வீடு கட்டி, பயிர் வைத்து, நோயையும் கொள்ளையரையும் குளிரையும் தாண்டி அவர்களைப் பிழைக்க வைக்க வேண்டும். ஆட்களைக் கைபிடித்து நடத்திச் செல்வதில்லை. இந்த வேலைக்கு இன்னார், இந்த நிலத்தில் இன்ன பயிர் என்று நாம் வகுத்துக் கொடுத்தால் அவர்கள் செய்வார்கள். அடுத்து என்ன இடர் வரும் என்பதைக் 'கதைசொல்லி' என்ற பெயரில் விளையாட்டே தீர்மானிக்கும். மாடு, ஆடு, பன்றி, கோழி எல்லாம் உண்டு. மஃபலோ என்று சடைமயிர் தொங்கும் கற்பனை மிருகம் ஒன்றும் உண்டு. அது சுமை தூக்கும், கம்பளி தரும், கடுங்குளிரையும் தாங்கும்.

2021 ஜூலையில் வந்த 1.3 பதிப்பில்தான் கால்நடை வளர்ப்பு இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதற்கு முன் வரைபடத்தில் ஓர் எல்லையைக் குறித்துவிட்டால் போதும், மாடுகள் அதற்குள் தாமாகத் திரியும். 1.3இல் வேலியும் பட்டியும் வந்தன. வேலி இல்லாவிட்டால் மாடு கால்போன போக்கில் போய்விடும். பட்டிக்குள் அடைத்த மாடு தீனி தேடி வெளியே வராது. தீனியை ஆள் சுமந்து உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். பட்டிக்குள் ஓர் அடையாளக் கம்பம் நட வேண்டும். அதைத் தொட்டுப் பார்த்தால் பட்டியில் நாளொன்றுக்கு எவ்வளவு ஊட்டம் முளைக்கிறது, மாடுகள் எவ்வளவு தின்கின்றன, கிடங்கில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று மூன்றும் தெரியும். நான் வேலையில் இருந்த காலத்தில் இந்த மூன்றையும் அறிய விவசாயியின் காட்டைச் சுற்றி நடந்து, சோளத் தட்டுப்போரை அண்ணாந்து பார்த்து, மாட்டின் விலா எலும்பைத் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

இதே வகையான வேறு சில விளையாட்டுகள் இந்தத் தொல்லையை வைத்துக்கொள்வதில்லை. 2014இல் வந்த 'பேனிஷ்ட்' விளையாட்டில் மனிதர்கள் குளிரிலும் பசியிலும் கொத்துக்கொத்தாகச் சாவார்கள், மேய்ச்சல் நிலத்து மாட்டுக்கோ தீனியே வைக்க வேண்டாம். குளிர்காலத்தை அவ்வளவு கொடுமையாகக் காட்டிவிட்டு மாட்டின் வயிற்றை மட்டும் மறந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி குளிர்காலத்துக்கு வருவோம். ரிம்வேர்ல்டில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கினால் செடி வளர்வது நின்றுவிடும். 6 டிகிரிக்கு மேலே போனால்தான் முழு வேகம் எடுக்கும். குளிர் முற்றினால் இலை உதிரும். இலை உதிர்ந்த செடியை மாடு தின்னாது, பனி ஆழமாக மூடிய புல்லையும் தின்னாது. எனவே முதல் பனி விழுந்த அன்றைக்கே பட்டி காலியாகிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். பச்சைப் பரப்பு கண்ணுக்கு அப்படியே கிடப்பது போல இருக்கும், அடுத்த சில நாளில் வெள்ளை மூடிவிடும்.

அதற்குத்தான் தீவனப்புல். தனி வயலில் விதைத்து, அறுத்து, உலர்புல்லாகச் சேர்த்து வைக்கலாம். ஒரு செடிக்கு 18 கட்டு உலர்புல் கிடைக்கும். முதிர 7 நாள் என்று விளையாட்டு சொல்லும். ஆனால் செடிகள் இரவில் வளராது, அதனால் உண்மையில் ஏறத்தாழ 13 நாள் ஆகும். ஒரு கட்டில் இருக்கும் ஊட்டம் 0.05 பங்கு. அதாவது ஒரு பங்கு ஊட்டத்துக்கு 20 கட்டு. அதே நிலத்தில் நெல்லோ மக்காச்சோளமோ வைத்தால் மனிதர் உண்ணலாம், ஆனால் நாள் கணக்கில் பார்த்தால் தீவனப்புல்தான் கூடுதல் ஊட்டம் தரும். உலர்புல்லை மனிதர் உண்ண முடியாது. ஆகவே எந்த வயல் மனிதருக்கு, எந்த வயல் மாட்டுக்கு என்ற கேள்வி விதைக்கும்போதே வந்துவிடுகிறது.

என் குடியிருப்பு வடக்கே ஊசியிலைக் காட்டில் இருக்கிறது, வளர்பருவம் 60க்கு 30. எட்டு மாடுகள். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு பங்கு ஊட்டம் தின்பதாக வைத்துக்கொண்டு நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 20 கட்டு. புல் வளராத 30 நாளுக்கு 600 கட்டு. எட்டு மாட்டுக்கு 4,800 கட்டு. செடிக்கு 18 என்றால் 267 செடி. நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒரு கட்டத்துக்கு ஒரு செடிதான் என்பதால் 17 கட்டம் நீளம், 16 கட்டம் அகலம் உள்ள வயல் வேண்டும், அதில் 272 செடி நிற்கும். 30 நாளில் 13 நாள் பயிரை இரண்டு முறை எடுக்கலாமே, பாதி வயல் போதாதா என்று தோன்றும். இரண்டு போகத்துக்கு 26 நாள் வளர்ச்சிக்கே போய்விடும். விதைக்கவும் அறுக்கவும் மிச்சம் 4 நாள்தான். இரண்டாம் போகம் முற்றும்போது குளிர் தொடங்கியிருக்கும், வளர்ச்சி மந்தமாகும், கடுங்குளிர் ஒன்று முந்திக்கொண்டால் வயல் முழுவதும் கருகிவிடும். அதனால் முதல் போகத்திலேயே குளிர்காலத் தேவை முழுவதும் வந்துவிடும்படி விதைக்கிறேன். இரண்டாம் போகம் வந்தால் இருப்பு, வராவிட்டால் கவலை இல்லை.

எங்கள் பக்கம் பனி இல்லை, கோடை இருக்கிறது. மானாவாரிச் சோளத்தை அறுத்துத் தட்டைப் போர் போட்டு வைப்பதும், பங்குனி, சித்திரையில் காடு காய்ந்து கிடக்கும்போது அதை உருவிப் போடுவதும், பெயர் மாறிய அதே வேலைதான். 400 கிலோ எடையுள்ள மாடு தன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் வரை, அதாவது நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்பொருள் தின்னும். தட்டுப்போரைப் பார்த்ததும் இத்தனை மாட்டுக்கு இத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். இந்த விளையாட்டை அவர்கள் ஒரே நாளில் புரிந்துகொண்டிருப்பார்கள்.

சேர்த்த புல்லை எங்கே வைப்பது என்பது அடுத்தது. ரிம்வேர்ல்டில் உலர்புல் கெட்டுப்போகாது. ஆனால் கூரை இல்லாத இடத்தில் கிடந்தால் நாளுக்கு நாள் சிதைந்து குறையும். ஒரு கட்டத்தில் 200 கட்டு அடுக்கலாம் என்பதால் 4,800 கட்டுக்கு 24 கட்டம் போதும். பெரிய ஆபத்து தீ. உலர்புல் எளிதில் பற்றிக்கொள்ளும். மின்கம்பியில் கோளாறு ஏற்பட்டோ இடி விழுந்தோ ஒரு பொறி கிளம்பினால், மரச்சுவர்க் கொட்டகையில் ஆண்டு முழுவதும் சேர்த்தது போய்விடும். நான் கல்சுவர் வைத்து இரண்டு கிடங்காகப் பிரித்திருக்கிறேன், மின்கம்பி எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. ஒரு கிடங்கு பட்டியோடு ஒட்டியது. கால்நடைகளே தள்ளிக்கொண்டு நுழையும் தொங்குகதவு ஒன்று இந்த விளையாட்டில் உண்டு. அதை வைத்துவிட்டால் கொட்டகையும் பட்டியும் ஒன்றாகிவிடும். மாடுகள் தாமே உள்ளே போய்த் தின்னும், குளிருக்கு ஒதுங்கவும் செய்யும். மற்றக் கிடங்கு தள்ளி இருக்கிறது. அதிலிருந்து ஆள் சுமந்து கொண்டுவர வேண்டும். காய்ச்சல் வந்து ஆட்கள் எல்லாம் படுத்துவிட்டால் தள்ளி இருக்கும் புல்லால் பயனில்லை, எனவே பட்டியை ஒட்டிய கிடங்கில் குறைந்தது பாதி எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

நாய்க்கும் பூனைக்கும் உலர்புல் ஆகாது. அவற்றைப் பட்டியில் அடைப்பதும் இல்லை. தடுக்காவிட்டால் மனிதருக்குச் சமைத்து வைத்த சாப்பாட்டை நாய் தின்றுவிடும். அவற்றுக்காகக் கிப்பிள் என்ற உலர் உருண்டை செய்யலாம். ஒரு பங்கு ஊட்டத்துக்கு உலர்புல்லும் ஒரு பங்குக்கு இறைச்சியும் சேர்த்தால் 50 உருண்டை வரும். அதன் ஊட்டம் 2.5 பங்கு. போட்டதைவிடக் கால்பங்கு கூடுதல், அதுவும் கெடாது, மாடும் தின்னும். புல் பற்றாது என்று தெரிந்தால் மாட்டுக்கும் இதைச் செய்து வைக்கலாம். ஆனால் ஒரு ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டும், அறுவடை நேரத்தில் அந்த ஆளைப் பிரிப்பது கடினம்.

இவ்வளவும் சேமிப்பின் கணக்கு. இதைவிட முக்கியமான கணக்கு தலைகளை எண்ணுவது. செப்டோபர் பிறந்ததும் வயலில் என்ன கிடைத்தது என்று தெரிந்துவிடும். அந்தக் கையிருப்பை 600ஆல் வகுத்தால் எத்தனை மாட்டை வைத்துக்கொள்ளலாம் என்பது வந்துவிடும். அதற்கு மேல் இருப்பவற்றை அப்போதே விலக்க வேண்டும். ஒரு முறை கன்றுகள் சேர்ந்து பதினொரு தலை ஆகிவிட்டது. மூன்றை விற்கக் கிளம்பியபோது பேரன் தொலைபேசியில் கேட்டான்: "புல்லு இன்னும் பச்சையாத்தானுங்களே இருக்குது அப்புச்சி, எதுக்கு இப்பவே ஓட்டிட்டுப் போறீங்க?" பச்சையாக இருக்கும்போதே ஓட்டினால்தான் வழியில் மேய்ந்துகொண்டே போகும் என்றேன். விளையாட்டின் விதியும் அதுதான். பயணக் கூட்டத்தோடு போகும் மாடு வழிநெடுக மேயும். பனி மூடிய நிலத்தில் அது முடியாது, வழித்தீனியையும் சுமந்து போக வேண்டும். எல்லா வணிகரும் கால்நடை வாங்குவதும் இல்லை. அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்கு நாமே ஓட்டிப் போக வேண்டியிருக்கும்.

வறட்சி ஆண்டுகளில் சந்தைகளில் நான் பார்த்ததும் இதுதான். மழை பொய்த்தது தெரிந்ததும் ஓட்டி வந்தவர் நல்ல விலைக்கு விற்று, மீதி மாட்டைக் காப்பாற்றினார். தட்டுப்போர் தீர்ந்த பிறகு எலும்பும் தோலுமாய் ஓட்டி வந்தவருக்குப் பாதி விலைகூடக் கிடைக்கவில்லை. விலையைவிட, அந்த மாடு அதுவரை பட்ட பாடுதான் எனக்குப் பொறுக்காது. மாடு வைத்திருப்பது கருணை என்றும் விற்பது கல்நெஞ்சு என்றும் பலர் நினைக்கிறார்கள். போட வழியில்லாமல் கட்டி வைப்பதைக் கருணை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரிம்வேர்ல்ட் பசியை ஒளிக்காமல் காட்டுகிறது. பசித்த மாட்டுக்குப் பால் ஊறுவது மெதுவாகும், பட்டினி கிடந்தால் நின்றுபோகும். ஊட்டக்குறைவு படிப்படியாக ஏறி, முழுமை அடைந்தால் சாவு. பதினொரு மாட்டுக்கும் குறைத்துக் குறைத்துப் போட்டு ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட முடியாது. கையிருப்பு இருக்கும் வரை எல்லாம் வயிறு நிறையத் தின்னும், தீர்ந்த நாளில் எல்லாம் ஒன்றாகப் பட்டினி கிடக்கும். எட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடிய புல் பதினொன்றையும் கைவிட்டுவிடும். ஓர் இனத்தில் இத்தனை காளை, இத்தனை பசு, இத்தனை கன்றுதான் என்று வரம்பு வைத்தால், மிஞ்சியதைத் தானாக அறுவைக்கு அனுப்பும் ஏற்பாடும் 1.3இலிருந்து இருக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் அதைப் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் கோழி பெருகும் வேகத்துக்கு வேறு வழி இல்லை. மாடுகளுக்கு அதைத் தொடுவதில்லை. எது சினை, எது நல்ல கறவை, எது கிடாரி என்று நானே பார்த்துத்தான் பிரிப்பேன்.

கணக்கில் எப்போதும் கால்பங்கு கூட்டிக்கொள்கிறேன், 4,800 என்றால் 6,000. கதைசொல்லி அனுப்பும் இடர்களில் எரிமலைக் குளிர் என்று ஒன்று உண்டு. எங்கோ வெடித்த எரிமலையின் சாம்பல் வானை மூடி, வெளிச்சம் குறைந்து, குளிர் கூடி, வளர்பருவம் சுருங்கிவிடும். இது கற்பனை இல்லை. 1783 ஜூன் 8 அன்று ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து, 1784 பிப்ரவரி வரை எட்டு மாதம் நெருப்பையும் நச்சுப் புகையையும் கக்கியது. புளூரின் கலந்த சாம்பல் மேய்ச்சல் புல்லில் படிந்தது. தின்ற ஆடுகளுக்கு எலும்பும் பல்லும் கெட்டன. அந்த நாட்டு ஆடுகளில் ஏறத்தாழ 80 சதவீதமும், மாடுகளிலும் குதிரைகளிலும் ஏறத்தாழ பாதியும் செத்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். கோடைப் புல்லை அறுத்து வைத்துத்தான் அவர்கள் ஆண்டுதோறும் குளிரைத் தாண்டி வந்தார்கள். அந்தக் கோடையில் அறுக்க நல்ல புல் இல்லை. மங்கோலியப் புல்வெளியில் 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. அதற்கு முந்தைய கோடையின் வறட்சியால் அவை கொழுப்பேறாமலே பனிக்குள் போயிருந்தன.

விளையாட்டு விட்டுவிட்டவையும் உண்டு, அவற்றில் பெரியது தண்ணீர். ரிம்வேர்ல்டில் எந்த உயிருக்கும் தாகம் இல்லை. உண்மையில் உலர்தீவனம் மட்டும் தின்னும் மாட்டுக்குப் பசும்புல் மேயும் மாட்டைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும். குடிக்காவிட்டால் தின்றது வயிற்றில் இறுகிக் கட்டிக்கொள்ளும். பனி நாடுகளில் தொட்டித் தண்ணீர் உறையாமல் காப்பது புல் சேர்ப்பதற்குச் சமமான வேலை. இன்னொன்று, அறுத்த புல்லைக் காயவைப்பது. விளையாட்டில் அறுத்த கணமே அது உலர்புல்தான். உண்மையில் ஈரம் போகாமல் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், உள்ளே சூடேறித் தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. அறுவடை வாரத்தில் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கும் பதற்றம் இந்த விளையாட்டில் இல்லை. அதைச் சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பனி உருகிய பிறகும் கணக்கு முடிவதில்லை. இளம்புல்லைத் தின்றால் ஊட்டம் குறைவு; முளைக்க முளைக்கத் தின்றுவிட்டால் பட்டி முழுவதும் மொட்டையாகி, வயல் விளையும்வரை தீனிக்கு வழி இல்லாமல் போகும். அதனால் இரண்டு பட்டிகள் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தைக் கழித்த பட்டியிலேயே மாடுகளை வைத்து உலர்புல் போட்டுக்கொண்டிருப்பேன், மற்றப் பட்டியில் புல் நன்றாக எழுந்த பிறகுதான் மாற்றுவேன். அங்கே டான்டெலியன் செடியும் விதைத்திருக்கிறேன், மேய்ச்சலுக்கு ஆகும். கையிருப்பில் சேர்த்த அந்தக் கால்பங்கு பெரும்பாலும் இந்த நாட்களில்தான் செலவாகிறது.

இந்த முறை குளிர் சீக்கிரம் விலகியதால் 900 கட்டு மீந்திருக்கிறது. உலர்புல் கெடாது என்பதால் அது வரும் குளிர்காலத்துக்கு ஒன்றரை மாட்டின் தீனி. இரண்டு பசுக்கள் சினையாக இருக்கின்றன. ஒரு கிடாரியை நிறுத்திக்கொள்ளலாம், காளைக்கன்று பிறந்தால் செப்டோபரில் ஓட்டிவிட வேண்டும். வயலை 17க்கு 18ஆக நீட்டச் சொல்லிவிட்டேன், விதைப்பு நடந்துகொண்டிருக்கிறது.